பழநிவேலுவின் மேல் பல்செட்

போன மாதம், நான் இருந்த இடத்தில் இப்போது வேலை பார்ப்பவர் போனில் கூப்பிட்டார். வாய்க்குள் சின்னக் கேமராவை விட்டுப் படம் எடுத்துவிடுகிறோம், கம்ப்யூட்டரே பல்லை அடுக்கிக் காட்டிவிடுகிறது, அப்புறம் எதற்கு ஆளை உட்காரவைத்து ஃபிஃப்ட்டி, சிக்ஸ்ட்டி என்று எண்ணச் சொல்லி இருபது நிமிடத்தைக் கழிப்பது என்று கேட்டார். அவசியம் என்றேன். ஏன் என்றார். நான்கு நிமிடப் பேச்சில் மூன்று முறை லைன் அறுந்தது. நான்காவது முறை அவர் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

போனில் சொல்லக்கூடிய விஷயமும் இல்லை இது. ஆகவே எழுதுகிறேன். எனக்கு வயது அறுபத்தெட்டு. இருபது நிமிடத்துக்கு மேல் நாற்காலியில் உட்கார்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. இதை ஒன்பது தடவையாக எழுதியிருக்கிறேன். நடுவில் எங்காவது இழை அறுந்திருந்தால் அதற்கு என் இடுப்புதான் பொறுப்பு.

நான் டென்டல் மெக்கானிக். பல் டாக்டர் அளவு எடுத்துக் கொடுப்பார், நாங்கள் உள்ளே உட்கார்ந்து பல்செட் செய்வோம். காரைக்குடியில் ஒரே டாக்டரிடம் முப்பத்தாறு வருடம் இருந்தேன். செய்தது 3,914 செட். சரியில்லை என்று திரும்பி வந்தது 212. எல்லாம் நோட்டில் இருக்கிறது. 211 செட்டுகள் ஈறு புண்ணானது, கடி சேராதது, கீழே விழுந்து உடைந்தது என்று வழக்கமான காரணங்களுக்காக வந்தவை. மீதி ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

தொழில் பழகிய காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பி.எஸ்சி. முடித்தேன், அதற்கான வேலை கிடைக்கவில்லை. மதுரையில் ஒரு லேபில் ஒரு வருடம் பிளாஸ்டர் கரைத்தேன், ஒரு வருடம் மெழுகு உருக்கினேன், மூன்றாவது வருடம் பல் அடுக்கவிட்டார்கள். கையில் பதினொரு தீக்காயம். அப்புறம் காரைக்குடி.

எங்கள் டாக்டர் வெளிநாட்டில் படித்துவிட்டு ஊர் திரும்பியவர். பழைய செட்டியார் வீட்டுப் பிள்ளை. குரல் உயராது. வேலைக்காரர்களை எல்லாம் "நீங்க" என்றுதான் சொல்வார். பல்செட் மெல்லுவதற்கு என்று வருகிறவர்கள் நினைப்பார்கள். அவர் அப்படி நினைக்கவில்லை. "மெல்லுறது நாளைக்கு ஒரு மணி நேரம். பேசுறது பத்து மணி நேரம். எதுக்குச் செய்யணும்?" என்பார்.

அதனால் ட்ரையல் நாள்தான் அவருக்கு முக்கியம். பல்லை மெழுகில் நட்டு, அப்படியே வாயில் வைத்துப் பார்ப்பது ட்ரையல். மெழுகில் இருக்கும்வரை எந்தப் பல்லையும் எங்கு வேண்டுமானாலும் நகர்த்தலாம். அதற்குப் பிறகு மெழுகை வெந்நீரில் கரைத்து வெளியேற்றி, அந்த இடத்தில் அக்ரிலிக்கை வைத்து வேகவைத்துவிட்டால், அது கல்.

ட்ரையலுக்கு வந்தவரை நிமிர்ந்து உட்காரவைப்பார். தலைக்குப் பின்னால் இருக்கும் திண்டைக் கழற்றிவிடச் சொல்வார். இரண்டு வாய் தண்ணீர் குடிக்கக் கொடுப்பார். பிறகு தன் முக்காலியைத் திருப்பிப் போட்டு, நோயாளிக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். பல்லைப் பார்த்தால் காது ஏமாந்துவிடும் என்பது அவர் எண்ணம். நான் முன்னால் நிற்பேன். கையில் டார்ச்சும் சிறிய அளவுகோலும். அவருக்குக் காது, எனக்குக் கண். அப்புறம் ஐம்பதிலிருந்து அறுபத்தாறு வரை இங்கிலீஷில் எண்ணச் சொல்வார்.

ஏன் ஐம்பது? ஃபிஃப்ட்டி, ஃபிஃப்ட்டி ஃபைவ் என்று சொல்லும்போது கீழுதடு மேல் முன்பல்லின் விளிம்பைத் தொட வேண்டும். உதட்டைக் கடிப்பதுபோல் அல்ல, விளிம்பில் மட்டும். அந்தச் சந்து வழியாகக் காற்று உரசிக்கொண்டு வெளியே வர வேண்டும். மேல் பல் கூடுதல் நீளமாக இருந்தால் உதடு முன்னதாகவே போய் முட்டும், ஃபாதர் என்பது வாதர் என்று கேட்கும். குட்டையாக இருந்தால் நேர்மாறு. அறுபதுகளில் 'ஸ'. மேல் பல்லும் கீழ்ப் பல்லும் விளிம்புக்கு விளிம்பு நெருங்கி, முட்டாமல், ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்க வேண்டும். இடைவெளி அதிகமானால் விசில். பல்லுக்குப் பின்னால் தகடு தடித்திருந்தால் சிக்ஸ் ஷிக்ஸ் ஆகும். எண்ணி முடித்ததும் கடைசியாகத் தனியே தர்ட்டி த்ரீ சொல்லச் சொல்வார். இங்கிலீஷ்காரர்கள் அதைச் சொல்லும்போது நாக்கு நுனி இரண்டு வரிசைப் பல்லுக்கும் நடுவே மூன்று மில்லிமீட்டர் எட்டிப் பார்க்கும். பார்க்கவில்லை என்றால் பல் தப்பான இடத்தில் இருக்கிறது.

இத்தனையும் அவர் படித்துவந்த ஊருக்குச் சரி. முதல் மாதம் ட்ரையலுக்கு வந்த இருபத்து மூன்று பேரில் பத்தொன்பது பேர் "பிப்ட்டி, பிப்ட்டி பை" என்றார்கள். இரண்டு உதடும் சேர்ந்து பிரிந்தன. பல்லை உதடு தொடவே இல்லை. உதடும் உதடும் சேர்வதை வைத்துப் பல்லின் நீளத்தைச் சொல்ல முடியாது. டாக்டர் ஒரு வாரம் யோசித்தார். பிறகு, "வௌவால்னு சொல்லச் சொல்லுங்க" என்றார். நம் 'வ'வுக்கும் கீழுதடு மேல் பல்லை லேசாகத் தடவும். துல்லியம் கிடைக்காது. ஆனால் தமிழ் மட்டும் பேசுகிற வாய்க்கு அது போதும். அன்றிலிருந்து 'பிப்ட்டி' என்பவர்களுக்கு வௌவால். பலபேர் சிரித்துவிடுவார்கள். மெழுகுப் பல் சிரிப்பில் இடம் மாறிவிடும் என்று நான் கையை நீட்டிக்கொண்டு நிற்பேன்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. அதற்குக் காரணம் நான்தான். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், நெற்குப்பையிலிருந்து வந்த ஓர் ஆச்சிக்கு ட்ரையல். நான் முன்னால் நின்றுகொண்டு, "சார், உதடு படலை" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். ஆச்சி மெழுகுப் பல்லைக் கழற்றி என் கையில் வைத்தார். "செஞ்சவுகளே சரியில்லங்கிறாக. எனக்கு வேணாம்ப்பா" என்று எழுந்து போய்விட்டார். டாக்டர் திட்டவில்லை. "இனிமே நோயாளி முன்னாடி பேசாதீங்க. எதுவா இருந்தாலும் ஒரு சீட்டுல எழுதிக் கையில கொடுங்க" என்றார். அப்புறம் முப்பது வருடத்துக்கு மேல் சட்டைப் பையில் சீட்டு வைத்திருந்தேன். 640 சீட்டுக்குக் குறையாமல் எழுதியிருப்பேன். ஒன்றைக்கூட அவர் படிக்காமல் போட்டதில்லை.

பழநிவேலுவை நான் முதலில் பார்த்தது நோயாளியாக அல்ல. ஒரு வெள்ளைக்காரப் பெண்மணிக்கு முன்பல் உடைந்துவிட்டது என்று கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மானகிரிக்காரர். அப்பா தச்சு ஆசாரி. இவர் நெற்குப்பைப் பக்கம் ஹோட்டலாக மாற்றிய ஒரு பெரிய வீட்டில் கைடு. டாக்டர் உள்ளே வேறொருவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் லேப் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தேன். இவர் அந்தப் பெண்மணிக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார். "ஃபர்ஸ்ட் தே வில் டேக் எ ஃபோட்டோ. தென் தி டாக்டர் வில் ஃபிக்ஸ் இட்."

மெழுகுக் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். ஒவ்வொரு 'ஃப'வுக்கும் உதடு பல் விளிம்பில் போய் நின்றது. 'தென்' என்றபோது நாக்கு நுனி வெளியே தெரிந்தது. அப்போது என் வேலைக் காலத்தில் முப்பத்து மூன்று வருடம் போயிருந்தது. அதுவரை நம் ஊர் வாயில் நான் பார்க்காதது. வெளியே வந்தபோது எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன்.

"எட்டாவதுண்ணே. அதுவும் முழுசா இல்ல."

"அப்ப இந்த இங்கிலீஷு?"

"அவுக வாயப் பாத்துக் கத்துக்கிட்டது. காதுல கேட்டா வராதுண்ணே. நாக்கு எங்க போகுது, ஒதடு எங்க போகுதுன்னு உத்துப் பாக்கணும். ஒரு அம்மா, 'என்ன என் மூஞ்சியவே பாக்குறே'ன்னு சண்டைக்கு வந்துட்டாக."

இரண்டு வருடம் கழித்து அவரே நோயாளியாக வந்தார். ஈறு கெட்டு மேலே ஆறு, கீழே நான்கு பல்தான் மீதி. பத்தும் ஆடின. டாக்டர் பத்தையும் எடுத்தார். ஈறு ஆறுவதற்கு இரண்டு மாதம். அதுவரை ஹோட்டலில் பெட்டி தூக்கும் வேலை கொடுத்திருந்தார்கள். வெளிநாட்டுக்காரர்கள் வரும் சீசன் தொடங்குவதற்குள் பல் கட்டிக்கொண்டு வந்தால் பழைய வேலை, இல்லாவிட்டால் பார்க்கலாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். இதை எனக்குச் சொன்னது அவர் மனைவி மீனாள். அளவு எடுக்க வந்த நாளிலேயே சொல்லிவிட்டார்.

ட்ரையல் அன்றும் மீனாள் கூடவே இருந்தார். மெழுகுப் பல்லோடு கணவர் திரும்பிப் பார்த்ததும், "என்னங்க இது, பல்லு உள்ளுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு இருக்கு? பல்லுக் கட்டுனது ஊருக்குத் தெரிய வேணாமா? கொஞ்சம் எறக்கி வைங்க" என்றார்.

"உனக்கா கட்டுறாக? எனக்குத்தான கட்டுறாக?"

"நாந்தான தெனம் பாக்கணும்."

டாக்டர் சிரித்து, "ஒரு ஒன்றரை மில்லிமீட்டர் இறக்குங்க, பேசவச்சுப் பார்ப்போம்" என்றார். இறக்கினேன். மேல் முன்பல் ஆறையும் சூடு காட்டி இறக்க எனக்குப் பதினெட்டு நிமிடம் ஆனது. திரும்ப வாயில் வைத்தோம். டாக்டர் முக்காலியைத் திருப்பிக்கொண்டார்.

"ஐம்பதுலேருந்து எண்ணுங்க."

பழநிவேலு கைகளை மடியில் கோத்துக்கொண்டார். "பிப்ட்டி," என்றார். "பிப்ட்டி ஒன், பிப்ட்டி டூ."

இரண்டு உதடும் சேர்ந்து சேர்ந்து பிரிந்தன. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தேன். பிப்ட்டி பைவ். சிக்ஸ்ட்டி சரியாக வந்தது. தர்ட்டி த்ரீயில் நாக்கு பல்லுக்குப் பின்னாலேயே நின்றது, நம் 'த'வுக்கு நிற்பதுபோல. எண்ணி முடித்து, ஆசிரியர் முன்னால் நிற்பவரைப்போல டாக்டரின் முதுகைப் பார்த்தார்.

"வௌவால் சொல்லுங்க," என்றார் டாக்டர்.

"வௌவால்."

"சரியா இருக்கு."

அது அவருடைய வாய் அல்ல என்று எனக்குத் தெரியும். இவருக்குச் சோறு போடுவது வேறு ஒரு பேச்சு, அதை இங்கே காட்டவில்லை என்று தெரியும். அதை நேரில் பார்த்தவன் அந்த அறையில் நான் ஒருவன்தான். சட்டைப் பையில் சீட்டு இருந்தது, பேனா இருந்தது. 'இவரை வெள்ளைக்காரரிடம் பேசுவதுபோல் பேசச் சொல்லவும்.' ஐந்து சொல்தான்.

எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பெரிய காரணம் எதுவும் கிடைக்கவில்லை. மணி ஒன்று இருபது. எனக்குச் சர்க்கரை உண்டு, ஒன்றரைக்குள் சாப்பிட வேண்டும். வெளியே ஏழு பேர் காத்திருந்தார்கள். சீட்டுக் கொடுத்தால் மறுபடி முதலிலிருந்து. பதினெட்டு நிமிட வேலையைப் பிரிக்க வேண்டியிருக்கும். அவரே கேட்டால் செய்வோம் என்று நினைத்துக்கொண்டேன். தயிர்சாதமும் மாவடுவும் இருந்தன. சாப்பிட்டேன்.

ட்ரையலிலிருந்து நான்காம் நாள் செட்டைக் கொடுத்தோம். பன்னிரண்டாம் நாள் வந்தார். முகம் சரியில்லை. டாக்டர் உட்காரவைத்து என்ன தொந்தரவு என்று கேட்டார்.

"தொந்தரவுன்னு இல்லங்கய்யா. பேசறப்ப கொஞ்சம்…"

"எங்க, எண்ணுங்க."

மறுபடி அதே பிப்ட்டி. டாக்டர் சுவரைப் பார்த்தபடி கேட்டார். பிறகு திரும்பி, "சுத்தமா வருதே. பழகப் பழகச் சரியாகும். ரெண்டு வாரம் சத்தமா பேப்பர் படிங்க" என்றார்.

"சரிங்கய்யா. நல்லாத்தான் இருக்குங்கய்யா."

வாசலில் மீனாள் அவரைப் பிடித்துக்கொண்டார். "நல்லாத்தான் இருக்குன்னு சொல்லவா நாப்பது நிமிசம் பஸ்ஸுக்கு நின்னு வந்தோம்? ஊருக்கெல்லாம் கதை சொல்ற மனுசன், டாக்டரைக் கண்டா வாயில கொழுக்கட்ட!" அவர் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். அன்றும் என் சட்டைப் பையில் சீட்டு இருந்தது.

பதினேழாம் நாள் டாக்டர் மலேசியா போனார். மகள் பிரசவத்துக்கு, மூன்று வாரம். பத்தொன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நான் குன்றக்குடி வழியாகப் போகும் பஸ் ஏறி, திருப்பத்தூரில் மாறி, அந்த ஹோட்டலுக்குப் போனேன். வீட்டில் குன்றக்குடிக் கோவிலுக்கு என்று சொல்லியிருந்தேன். உள்ளே போக டிக்கெட். ஒரு வேனில் ஒன்பது வெளிநாட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். அவர்களோடு நானும் நுழைந்தேன்.

பழநிவேலு வெள்ளை வேட்டியும் நீலச் சட்டையுமாக முன் மண்டபத்தில் நின்றிருந்தார். என்னைப் பார்த்துவிட்டார். பார்த்தவுடன் அவர் வாய் மாறிவிட்டது. "திஸ் இஸ் பர்மா டீக்" என்பதை, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல் நம் ஊர் உச்சரிப்பில் சொன்னார். நான் கழிப்பறைக்குப் போவதுபோல் விலகி, வளவில், அதாவது உள்முற்றத்தில், மூன்றாவது தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவர்கள் அந்தப் பக்கம் வந்தார்கள். என்னைக் காணோம் என்றதும் அவருடைய சொந்தப் பேச்சு திரும்பியது. ஆனால் கேட்க முடியவில்லை.

'ஃபேமிலி' வேமிலி ஆனது. 'ஃபோர் ஃபாதர்ஸ்' வோர் வாதர்ஸ் ஆனது. அதைவிட மோசம் 'திஸ்'. ஒவ்வொரு முறை நாக்கை நுனிக்குக் கொண்டுவரும்போதும் நீளமான மேல் பல் நாக்கில் தட்டி, செட் ஈறைவிட்டு அசைந்து, டக் என்று சத்தம். ஒரு வீட்டைச் சுற்றிக் காட்டுகிறவருக்குத் 'திஸ்' இல்லாமல் எப்படி முடியும்? திஸ் டோர். தீஸ் டைல்ஸ். தட் மிரர். நாற்பது நிமிடத்தில் அறுபத்தோரு தடவை எண்ணினேன். அறுபத்தொன்றில் ஐம்பத்து நான்கு தடவை டக். பதின்மூன்று தடவை யாராவது ஒருவர் "பார்டன்?" என்றார். இருபதாவது நிமிடத்துக்குப் பிறகு நான்கு பேர் போனை எடுத்துப் படம் பிடிக்கப் போய்விட்டார்கள். மிச்ச ஐந்து பேர் மரியாதைக்காகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவர்களை அனுப்பிவிட்டு வந்தவர் தூணுக்குப் பின்னால் என்னைக் கண்டுபிடித்தார்.

"என்னண்ணே, கள்ளன் போலீஸ் வெளாடுறீகளா?"

"கேட்டுக்கிட்டிருந்தேன்."

"கேட்டீகல்ல? எப்புடி இருக்கு நம்ம கச்சேரி, தாளத்தோட?" என்று சிரித்தார். செட் இறங்கியது. கையால் பொத்திக்கொண்டார்.

"டாக்டர்கிட்ட ஏங்க இப்படிப் பேசிக் காட்டலை?"

"அவுக முன்னாடியா? அவுக சீமையில படிச்சுட்டு வந்தவுகண்ணே. அவுக முன்னாடி மானகிரி ஆசாரி மகன் போயி தஸ்ஸு புஸ்ஸுன்னா சிரிக்க மாட்டாகளா? பஸ்ஸுல, டீக்கடையில எங்கயும் நான் இப்புடிப் பேச மாட்டேன். என்னமோ பவுசு காட்டுறான்னு சொல்லுவாக. இது வெள்ளைக்காரவுகளுக்கு மட்டும் வச்சிருக்கறது."

மேனேஜர் ஓர் இளம்பெண். பெங்களூரிலிருந்து வந்தவர். அவர் வந்து நான் யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். "சார், பத்து நாள்ல மூணு கம்ப்ளெயின்ட். எனக்கு இவரைப் பிடிக்கும். ஆனா கைடுக்குப் பதிலா ரெக்கார்ட் பண்ணிக் குடுக்கிற ஹெட்ஃபோன் கம்பெனிக்காரங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க. மாசக் கடைசி வரைக்கும் பார்க்கிறேன்" என்றார். மாதக் கடைசிக்குப் பதினொரு நாள் இருந்தது.

வாசல்வரை பழநிவேலு கூட வந்தார். மேல் செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் துடைத்து என்னிடம் நீட்டினார். "நீகளே கொஞ்சம் இழைச்சு விட்டுருங்கண்ணே. எங்கப்பாவா இருந்தா இழைப்புளிய வச்சு ரெண்டு இழுப்பு."

நான்கு நிமிட வேலை. லேப் சாவி என்னிடம்தான் இருந்தது. ஆனால் நோயாளி வாயில் இருக்கும் எதையும் டாக்டர் சொல்லாமல் மெக்கானிக் தொடக்கூடாது. அதுதான் விதி. நல்ல விதி. 'டாக்டர் வரட்டும்' என்றேன். அவர் கையைக் கொஞ்ச நேரம் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தார். பிறகு செட்டை வாயில் போட்டுக்கொண்டு, "சரிங்கண்ணே, வரட்டும்" என்றார்.

மலேசியாவுக்குப் போன் செய்திருக்கலாம். மூன்று முறை மெசேஜ் எழுதி மூன்று முறையும் அழித்தேன். நீளத்தைக் குறைக்கவா என்று மட்டும் எழுதினால் பொய். ட்ரையல் அன்றே எனக்குத் தெரியும் என்று எழுத வேண்டும். அந்த வரியை எழுத விரல் வரவில்லை.

டாக்டர் முப்பத்தெட்டாம் நாள் திரும்பினார். மறுநாள் காலை, முதல் நோயாளி வருமுன் அவர் அறைக்குப் போய் நின்று சொன்னேன். வெள்ளைக்காரப் பெண்மணி வந்த நாளிலிருந்து தூண்வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையில் இருந்த பேனாவை மூடினார்.

"ட்ரையல் முடிஞ்சு எத்தனை நாள் ஆகுது?"

"முப்பத்தொன்பது நாள் சார்."

வீட்டில் பேசுகிற பேச்சு அவர் வாயில் வந்தது அன்றுதான். "நாள எண்ணிக்கிட்டா இருந்தீக?" என்றார். "வாயத் தொறக்கல. சீட்டு எழுதல. எண்ணிக்கிட்டு இருந்தீக."

நின்றுகொண்டிருந்தேன். அவர் மறுபடி பழைய 'நீங்க'வுக்கு வந்துவிட்டார். "அவரை வரச்சொல்லுங்க."

மறுநாள் பழநிவேலு வந்தார். டாக்டர் முக்காலியைத் திருப்பவில்லை. நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்து, இங்கிலீஷில், நான் லண்டனிலிருந்து வருகிறேன், உங்கள் வீட்டைப் பார்க்க வேண்டும், அந்தக் கதவு என்ன மரம் என்று கேட்டார். பழநிவேலு என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். வியர்த்தது. டாக்டர் விடவில்லை. ஏழாவது கேள்வியில், "திஸ் டோர், சார்," என்று ஆரம்பித்தார். டக் என்றது. டாக்டர் காதால் கேட்டதை நான் அவர் முகத்தில் பார்த்தேன்.

ஒன்றரை மில்லிமீட்டர் குறைத்தேன். விளிம்பை உட்பக்கமாகச் சரித்தேன். மூன்று முறை வாயில் வைத்துப் பேசவைத்து, மூன்று முறை எடுத்து மெருகேற்றினேன். அதற்கப்புறம் ஃபேமிலி ஃபேமிலியாக வந்தது. திஸ் என்றபோது நாக்கு நுனி மூன்று மில்லிமீட்டர் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. டக் இல்லை. முழு வீட்டையும் எங்களுக்கு அந்த அறையிலேயே சுற்றிக் காட்டினார். கண்ணாடி எங்கே இருந்து வந்தது, சுவர்ப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு எப்படிச் சேர்ந்தது, மகளுக்குச் சீர் வைக்கிற அறையில் எத்தனை பூட்டு. டாக்டர் கடைசிவரை கேட்டார். எழுந்து அவர் கையைப் பிடித்து, "மன்னிச்சுக்குங்க. நான் கேக்கவேண்டியதைக் கேக்காம விட்டுட்டேன்" என்றார். நான் செய்ததைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குப் பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

பழநிவேலு வாயைப் பொத்தாமலே சிரித்தார். "இருக்கட்டுங்கய்யா. ஹெட்ஃபோனு வந்து ஒம்போது நாளாச்சு," என்றார். "மெட்ராஸ்லருந்து ஒரு பிள்ளை பேசி அனுப்பியிருக்கு. நல்லாத்தான் பேசுது. என்ன, 'சீர்' அறைய விட்டுருச்சு."

டாக்டர் அன்றே மேனேஜருக்குப் போன் செய்தார். ஹெட்ஃபோன் கம்பெனியோடு இரண்டு வருடத்துக்கு எழுதிக் கையெழுத்தாகிவிட்டது என்றார் அந்தப் பெண். வருத்தத்தோடுதான் சொன்னார். பழநிவேலுவை வெளியே அனுப்பவில்லை, வாசலில் வைத்துக்கொள்கிறோம் என்றார்.

இரண்டு மாதம் கழித்து நான் மறுபடி போனேன். இந்தத் தடவை வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்டுப் போனேன். வாசலில் சிவப்புத் தலைப்பாகையும் பித்தளைப் பொத்தான் வைத்த கோட்டுமாகப் பழநிவேலு நின்றிருந்தார். பக்கத்து மேசையில் தட்டுநிறைய ஹெட்ஃபோன். கன்னம் உள்ளே போயிருந்தது. வாயில் செட் இல்லை.

"பல்லு எங்கங்க?"

"வீட்டுல டம்ளர்ல கெடக்குண்ணே. மீனா தெனம் தண்ணி மாத்துறா."

"போட்டுக்கிட்டா என்ன?"

"எதுக்குண்ணே? இங்குட்டு நான் சொல்றது ஒரே வார்த்த."

அப்போது ஒரு வேன் வந்து நின்றது. முதலில் இறங்கிய பெண்மணிக்குக் கைகூப்பி, "வெல்கம்" என்றார். நம் ஊரில் எல்லோரும் கீழுதட்டைப் பல்லில் தட்டி அந்த வார்த்தையை ஆரம்பிப்பார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. இரண்டு உதட்டையும் குவித்துக் காற்றில் விட்டார். அப்புறம் நாக்கு நுனி மேல் ஈறைத் தொட்டது. அப்புறம் நாக்கின் பின்பகுதி தொண்டைப் பக்கம் தூக்கிப் பிரிந்தது. கடைசியில் உதடு இரண்டும் மூடின. நான்கு மெய்யொலி. நான்கில் ஒன்றுக்கும் பல் வேண்டாம்.

பதினான்கு பேர் இறங்கினார்கள். பதினான்கு தடவை சொன்னார். ஒருவர்கூட "பார்டன்?" என்று கேட்கவில்லை. ஆளுக்கொரு ஹெட்ஃபோனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டு உள்ளே போனார்கள்.